‘கோல்ஸ் டு நியூகாசில்’ வந்தால் ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ என்று போட்டுவிடலாமா?

குறுக்குத்துறை:

‘கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்’ (நியூகாசில் ஊருக்கே நிலக்கரி சுமந்துகொண்டு போவது) என்ற ஆங்கில மரபுத்தொடர் வந்தால் நம்ம ஊர்ச் சொலவடை ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ என்று போட்டுவிட்டு நகர்வதுதான் மொழிபெயர்க்கிறவர்கள் பலருடைய வழக்கம். இப்போது மூன்று இடத்தில் அது இடிக்கிறது.

ஒன்று, செய்தித் தலைப்பு. இத்தாலியில் டொமினோஸ் 2015ல் பீட்சா கடை திறந்து 2022ல் மூடியதைப் பற்றியது. தலைப்பிலேயே ‘கோல்ஸ் டு நியூகாசில்’ இருக்கிறது.

இரண்டாவது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. கதையில் வரும் உரையாடல். சீட்டுப் பிடித்து ஊரை ஏய்த்தவனிடமே ஒருத்தன் முலாம் பூசின சங்கிலியை அடகு வைக்க வருகிறான். அதற்கு இவன், “ஏல, திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா குடுக்கியா?” என்கிறான். இதை ‘கோல்ஸ் டு நியூகாசில்’ ஆக்கினால் உயிரே இல்லை.

மூன்றாவது ஒரு கட்டுரை. இருபது வருஷம் வேலை பார்த்த செவிலியர்களுக்கு ஊசி போடுவது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் அதை ‘எ கேஸ் ஆஃப் கோல்ஸ் டு நியூகாசில்’ என்கிறார்.

மூன்றுக்கும் ஒரே தொடர் செல்லுமா? செல்லாது என்றால் எதை எங்கே போடுவது? கூடவே இரண்டு சின்னச் சந்தேகம்: ‘கோல்’ என்று ஒருமையில் எழுதினால் தப்பா? ‘எஸ்கிமோவுக்கு ஐஸ் விற்பது’ என்பதும் இதுவும் ஒன்றா?


கீழரதவீதி:

முதலில் ஆங்கிலத் தொடருக்கு எல்லை கட்டிவிடுவோம். ஒரு சரக்கு எந்த ஊரில் மலிந்து கிடக்கிறதோ அந்த ஊருக்கே அதைச் சுமந்துகொண்டு போவது. அவ்வளவுதான். சுமக்கிறவன் கள்ளன் இல்லை, அந்த ஊர்க்காரன் ஏமாளியும் இல்லை. சரக்கும் நல்ல சரக்காகவே இருக்கலாம். போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு, அதனால் பாடு வீண்.

நம்ம சொலவடையில் இந்த அர்த்தம் இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே இன்னொன்றும் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் ‘அல்வா கொடுத்தான்’ என்றால் ஏய்த்துவிட்டான் என்று பொருள். ‘திருநெல்வேலிக்கே அல்வாவா’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: ஊர்ப்பெயர், ‘க்கு’, அழுத்தத்துக்கு ஏகாரம், அப்புறம் அல்வா, கடைசியில் கேள்விக்கு ஆகாரம். வினைச்சொல்லே கிடையாது. கேட்கிறவர் தன் மனசுக்குள் ஒரு வினையைப் போட்டுக்கொள்கிறார். ‘கொண்டு போறியா’ என்று போட்டால் நியூகாசில் அர்த்தம். ‘கொடுக்கியா’ என்று போட்டால் ஏமாற்றுகிற அர்த்தம். ரெண்டும் சரிதான், அதுதான் வம்பே.

எது எது என்று பிரிக்க ஒரு சோதனை உண்டு. ‘க்கு’ ஊரோடு ஒட்டியிருக்கிறதா, ஆளோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஊரோடு ஒட்டி, வினை ‘கொண்டு போ’, ‘அனுப்பு’, ‘வாங்கிட்டுப் போ’ என்று இருந்தால் மிகை, நியூகாசிலை எடுத்துக்கொள்ளலாம். ஆளோடு ஒட்டி, ‘கொடு’ வந்தால் அது ஏய்ப்பு. நியூகாசில் பக்கமே போகக்கூடாது. உங்கள் இரண்டாவது உதாரணத்தில் ‘திருநெல்வேலிக்காரனுக்கே’, ‘குடுக்கியா’ இரண்டும் இருக்கின்றன. ஆகவே அந்தப் பேச்சின் பொருள், “ஏமாத்துறதுலயே பழம் தின்னு கொட்டை போட்டவன் நான், என்னிடமேவா?” என்பது. ஆங்கிலத்தில் இதற்குப் பொருத்தம் ‘யூ கான்ட் கிட் எ கிட்டர்’ அல்லது ‘ட்ரையிங் டு கான் எ கான் மேன்’. முதலாவது கொஞ்சம் விளையாட்டுத் தொனி, பொய் சொல்கிறவனிடம் பொய் சொல்வதற்கு. இரண்டாவது பணம் சம்பந்தப்பட்ட மோசடி. அடகு, முலாம் சங்கிலி என்றால் இரண்டாவதுதான்.

அல்வாவை விடமாட்டேன், மண்வாசனை வேண்டும் என்றால் ஆங்கிலத்தில் அல்வாவை அப்படியே வைத்து ஓரிரு சொல்லில் விளக்கம் நுழைக்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: ஆங்கில வாசகருக்கு அந்தச் சொல் அரபு நாட்டு எள்ளு அல்வாவையோ வடக்கத்தி கேரட் அல்வாவையோதான் நினைவூட்டும். நம்ம ஊரில் சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, அந்தப் பாலைத் தெளியவிட்டு மேல்தண்ணியை இறுத்துக் கொட்டிவிட்டு, சீனியோடு சேர்த்துக் கிண்டி நெய்யை விட்டுக்கொண்டே இறக்குகிற சமாச்சாரம். இதெல்லாம் உரையாடலுக்குள் நுழையாது. ‘இந்த ஊர் பேர்போன கோதுமை அல்வா’ என்கிற அளவு முந்தைய பத்தியிலேயே எங்காவது வந்துவிட்டால், உரையாடலில் அல்வா தானாக நிற்கும்.


உப்பளக்காத்து:

கீழரதவீதி அண்ணாச்சி சொன்னதோடு, நியூகாசில் பக்கத்துச் சங்கதியையும் தெரிந்துகொண்டால் தொடரை எங்கே போடலாம் என்பது இன்னும் தெளிவாகும். ‘நிலக்கரி நிறைய இருந்த ஊர்’ என்று மட்டும் சொல்லி விட்டுவிடுகிறார்கள். நிலக்கரி இங்கிலாந்தில் பல இடத்தில் இருந்தது. நியூகாசிலுக்கு மட்டும் பேர் வந்ததற்குக் காரணம் ஆறு.

ஊர் வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. கரிப்படிவு ஆற்றுக்குப் பக்கத்திலேயே, அதிக ஆழம் தோண்டாமலே கிடைத்தது. ரயில் வராத காலத்தில் நிலக்கரியை வண்டியில் ஏற்றித் தரைவழியே கொண்டுபோனால் சில மைலிலேயே வண்டிக்கூலி சரக்கு விலையைத் தின்றுவிடும். ஆற்றிலிருந்து கடல், கடலிலிருந்து லண்டன் என்று தண்ணீரிலேயே போனதால் இந்த ஊர்க் கரிக்குக் கட்டுபடியானது. லண்டனில் அதற்குக் ‘கடற்கரி’ என்றே பேர். ஆற்றில் ஆழம் போதாத இடங்களில் ‘கீல்’ என்ற தட்டையான படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் மாற்றுவார்கள். 17ஆம் நூற்றாண்டுக் கடைசியில் நிலைத்த அளவுப்படி ஒரு கீலுக்கு 8 சால்ட்ரன் (அந்தக் காலத்துக் கரி அளவு). நியூகாசில் சால்ட்ரன் ஒன்று 53 ஹண்ட்ரட்வெயிட் (இருபது சேர்ந்தால் ஒரு பிரிட்டிஷ் டன்). கணக்குப் போட்டால் படகுக்கு 21 டன்னுக்குக் கொஞ்சம் மேல். நம்ம தோணிக்காரர்களுக்கு இந்த ஏற்றுமாற்று வேலையை விளக்கவே வேண்டாம்.

அடுத்தது சாசனம். 1600ல் முதலாம் எலிசபெத் ராணி ‘ஹோஸ்ட்மென்’ என்ற வணிகர் குழுவுக்குச் சாசனம் கொடுத்தார். டைன் ஆற்றில் கரி வியாபாரம் அவர்கள் கை வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று ஆனது. ஆகவே வெளியூர்க்காரன் நியூகாசிலுக்குக் கரி கொண்டுபோனால் விலையும் கிடைக்காது, விற்க வழியும் கிடையாது. இந்தத் தொடர் 16ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் வந்துவிட்டது. சாசனம் அதற்குப் பூட்டுப் போட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு இங்கே ரெண்டு குழி இருக்கிறது.

ஒன்று, இன்றைக்கு அந்த ஊர் வட்டாரத்தில் சுரங்கமே இல்லை. வடகிழக்கு இங்கிலாந்தின் கடைசி ஆழ்சுரங்கமான எல்லிங்டன் 2005ல் மூடப்பட்டது. டைன் துறைமுகத்தில் வெளிநாட்டுக் கரி வந்து இறங்கியபோது ஆங்கிலப் பத்திரிகைகள் இந்தத் தொடரை நேர்ப்பொருளிலேயே போட்டன. அந்த மாதிரி செய்தியில் அல்வாவைக் கொண்டுவந்தால் செய்தியே செத்துவிடும். ‘நியூகாசிலுக்கே நிலக்கரி’ என்று அப்படியே விட்டு, ஒரு வரியில் பழமொழியைச் சொல்லிவிடுவதுதான் முறை.

இன்னொன்று, வணிகப் பக்கத்தில் ‘நியூகாசில் நிலக்கரி விலை டன்னுக்கு இவ்வளவு’ என்று வந்தால் அது இந்த நியூகாசிலே கிடையாது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஹண்டர் ஆற்று முகத்துவாரத்தில் அதே பேரில் ஒரு ஊர். உலகத்தின் மிகப்பெரிய நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகங்களில் அதுவும் ஒன்று. கிலோவுக்கு 6000 கிலோகலோரி வெப்பம் தரும் கரிக்கு அங்கே போடுகிற விலைதான் ஆசியச் சந்தைக்கு அளவுகோல். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தைப் பற்றிய செய்தியில் நியூகாசில் வந்தால் பழமொழி தேட வேண்டாம், விலைப்பட்டியலைத் தேடுங்கள்.

கடைசியாக ஒரு கதை. 18ஆம் நூற்றாண்டு அமெரிக்க வியாபாரி திமோத்தி டெக்ஸ்டரை யாரோ வேண்டுமென்றே கிளப்பிவிட, அவர் நிஜமாகவே நியூகாசிலுக்குக் கப்பலில் கரி அனுப்பினார், அங்கே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்ததால் கொள்ளை லாபம் பார்த்தார் என்பார்கள். கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கட்டுரையில் இவர் பேர் வந்தால் எதைச் சுட்டுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும், அதற்காகச் சொன்னேன்.


பாளை டீச்சர்:

ஒருமை பன்மைக்குப் பதில்: பிரிட்டிஷ் வழக்கில் ‘கோல்ஸ்’, பன்மைதான். இன்றைக்கு நிலக்கரியை மொத்தமாகச் சொல்லும்போது ‘கோல்’ என்று ஒருமையில்தான் சொல்கிறார்கள், ஆனால் மரபுத்தொடரில் பழைய பன்மை உறைந்துபோய் நிற்கிறது. அமெரிக்கப் பத்திரிகைகளில் ‘கோல் டு நியூகாசில்’ என்றும் பார்க்கலாம். நீங்கள் எழுதும்போது பன்மையே போடுங்கள். வினை ‘கேரி’, ‘டேக்’ இரண்டும் செல்லும். ‘செல்’ போடுகிறவர்களும் உண்டு, அதைப் போட்டால் கீழே சொல்லப்போகிற எஸ்கிமோ தொடரோடு குழம்பும். வினையே இல்லாமல் ‘இட்ஸ் கோல்ஸ் டு நியூகாசில்’ என்று சொல்வதும் மிகச் சாதாரணம். பேச்சில் அந்த வடிவம்தான் அதிகம். ‘தி’ சேர்த்து ‘தி கோல்ஸ்’ என்று எழுதினால் மரபுத்தொடர் உடைந்து, குறிப்பிட்ட ஏதோ கரியைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

எஸ்கிமோவுக்கு ஐஸ் விற்பது வேறு சங்கதி. அங்கே பார்வை சரக்கின்மேல் இல்லை, விற்கிறவன் வாய்மேல் இருக்கிறது. ‘அவர் எஸ்கிமோவுக்கே ஐஸ் விற்றுவிடுவார்’ என்றால் பாராட்டு. நியூகாசிலில் பாராட்டே கிடையாது. தமிழில் இந்த வித்தியாசத்தை ஒரு வேற்றுமை உருபிலேயே காட்டிவிடலாம், அதுதான் நம்ம மொழியில் உள்ள வசதி. ‘திருநெல்வேலிக்கே அல்வாவா?’ என்றால் வீண்வேலை. ‘அவன் திருநெல்வேலியிலேயே அல்வா வித்துட்டு வந்துருவான்’ என்றால் கெட்டிக்காரன். ‘க்கே’ போய் ‘இலேயே’ வந்தது, கேள்வி போய் நிச்சயம் வந்தது, அர்த்தம் தலைகீழாகிவிட்டது. இன்னொன்று, ‘எஸ்கிமோ’ என்ற சொல்லை இப்போது வட துருவப் பகுதி மக்களில் பலர் இழிவாக நினைக்கிறார்கள். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தத் தொடரைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் மூன்றாவது உதாரணத்துக்கு வருகிறேன். எழுதியவர் ‘கோல்ஸ் டு நியூகாசில்’ போட்டது தப்பு என்று சொல்ல முடியாது. சரக்கு மட்டும் இல்லை, தகவல், திறமை, அறிவுரை எல்லாவற்றுக்கும் அதை நீட்டுகிறார்கள். ஆனால் தெரிந்தவனுக்கே சொல்லிக்கொடுப்பது என்பதற்கு ஆங்கிலத்திலேயே குறிவைத்த தொடர் ஒன்று உண்டு: ‘டீச்சிங் யுவர் கிராண்ட்மதர் டு சக் எக்ஸ்’. பாட்டிக்கு முட்டை உறிஞ்சக் கற்றுக்கொடுப்பது. தமிழில் அதற்கு அச்சு எடுத்த மாதிரி ‘மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்கணுமா’ இருக்கிறது. பயிற்சி, பாடம், அறிவுரை என்று வருகிற எந்த இடத்திலும் அல்வாவை எடுத்துவிட்டு மீன்குஞ்சைப் போடுங்கள். அல்வா ஒரு பண்டம். பண்டத்தைத்தான் கொண்டுபோக முடியும், பாடத்தைக் கொண்டுபோனால் உவமை நொண்டும்.

‘ப்ரீச்சிங் டு தி கன்வர்ட்டட்’ என்பதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். ஏற்கெனவே ஒத்துக்கொண்டவனிடமே வாதாடுவது அது. அங்கே கேட்கிறவனுடைய திறமையைப் பற்றிப் பேச்சே இல்லை, அவன் கருத்து ஏற்கெனவே உங்கள் பக்கம், அவ்வளவுதான். ‘கில்டிங் தி லில்லி’ இன்னும் தூரம்: அழகாக இருப்பதன்மேலேயே மேலும் அலங்காரம் பண்ணிக் கெடுப்பது.

தொனி பற்றி ஒரு வார்த்தை. அடுத்தவர் செய்கிற வேலையைப் பார்த்து ‘கோல்ஸ் டு நியூகாசில்’ என்றால் அதில் ஒரு குத்தல் இருக்கும். மேலதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் அவருடைய யோசனையைப் பற்றி அப்படிச் சொல்லக் கூடாது. தன்னைப் பற்றிச் சொன்னால் அதுவே பணிவு. தேயிலைத் தோட்டக்காரர் வீட்டுக்குத் தேயிலை வாங்கிக்கொண்டு போய், ‘ஐ நோ இட்ஸ் கோல்ஸ் டு நியூகாசில், பட்’ என்று நீட்டுவது வெகு இயல்பு. தமிழிலும் ‘திருநெல்வேலிக்கே அல்வா கொண்டு வந்த மாதிரிதான், இருந்தாலும் வாங்கிக்கோங்க’ என்று அப்படியே வரும். ‘கொண்டு வந்த’ என்ற வினை இருப்பதால் ஏய்க்கிற அர்த்தம் எட்டியே பார்க்காது, கவனித்தீர்களா?


செங்கோட்டை பாசஞ்சர்:

அல்வாவையே பிடித்துத் தொங்க வேண்டாம், அதைவிடப் பழைய சொலவடை கையில் இருக்கிறது: ‘கொல்லத் தெருவில் ஊசி விற்பது’. கொல்லன் பட்டறையிலேயே ஊசி அடிக்கிறான், அந்தத் தெருவில் போய் ஊசி ஊசி என்று கூவினால் யார் வாங்குவார்? இதில் ஏமாற்று அர்த்தம் ஒரு துளி கிடையாது. மலை தாண்டினால் மலையாளத்திலும் இதே ஊசி, இதே கொல்லன். இலங்கை, மலேசிய வாசகர்களுக்கும் திருநெல்வேலி விளக்கம் சொல்லாமலே போய்ச் சேரும். கட்டுரை நடைக்கு என் ஓட்டு இதற்குத்தான். அல்வா பேச்சுக்கும் தலைப்புக்கும்.

மற்ற மொழிகளிலும் அச்சு ஒன்றுதான், சரக்கும் ஊரும் மட்டும் மாறும். பழைய கிரேக்கத்தில் ஏதென்ஸுக்கு ஆந்தை. அந்த ஊர் வெள்ளிக்காசிலேயே ஆந்தை உருவம் இருக்கும். ருஷ்யாவில் தூலா ஊருக்குச் சமோவார் (தேநீருக்கு வெந்நீர் போடுகிற பாத்திரம்). பாரசீகத்தில் கெர்மானுக்குச் சீரகம். இந்தியில் பரேலிக்கே மூங்கில். ஆங்கிலம் வழியாக வேறு மொழி நூலைத் தமிழாக்குகிறவர்கள் கவனிக்க: ருஷ்யக் கதையின் ஆங்கிலப் பிரதியில் நியூகாசில் வந்தால், மூலத்தில் தூலா இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மாஸ்கோக்காரன் வாயில் திருநெல்வேலி வந்தால் சிரிப்பார்கள். நியூகாசில் வந்தாலும் நியாயமாகச் சிரிக்கத்தான் வேண்டும்.

சொந்தமாக அச்சில் வார்க்கவும் செய்யலாம். பத்தமடைக்குப் பாயா, உடன்குடிக்குக் கருப்பட்டியா, தூத்துக்குடிக்கு உப்பா, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாயா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவாவா. எல்லாம் நிற்கும். ஆனால் வாசகர் வட்டம் சுருங்கிக்கொண்டே போகும். கடைசி இரண்டும் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். பத்தமடைப் பாய் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. உடன்குடி என்றால் தென்மாவட்டத்தைத் தாண்டிப் பலருக்கு வேறு நினைவு வரும், அங்கே அனல்மின் நிலையத் திட்டம் இருக்கிறதே. ஊரைச் சொன்னதும் சரக்கு தானாக நாக்கில் வர வேண்டும். நீங்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றால் சொலவடை பலிக்கவில்லை என்று அர்த்தம். ‘குத்தாலத்துக்குத் தண்ணி லாரியா’ என்று ஒருவர் எழுதியிருந்ததைப் பார்த்தேன். சாரல் சீசனுக்குச் சரி. பங்குனி வெயிலில் பாறை காய்ந்து கிடக்கும்போது லாரி நிஜமாகவே தேவைப்படலாம்.


கீழரதவீதி:

ஊசியை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அல்வா கட்டுரை நடைக்கு ஆகாது என்பதை ஏற்க மாட்டேன். இன்றைக்கு எத்தனை பேர் கொல்லத் தெருவைப் பார்த்திருக்கிறார்கள்? ஊசி கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது. உவமையின் ஊரே கலைந்துபோனால் படிக்கிறவர் அகராதியைத்தான் தேட வேண்டும். அல்வா அப்படி இல்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் சாயங்காலம் கடை திறந்ததும் நிற்கிற கூட்டத்தில் உள்ளூர்க்காரனும் இருக்கிறான், ரயில் ஏறப்போகிறவனும் இருக்கிறான். சரக்கும் ஊரும் இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. நியூகாசிலில் சுரங்கம் மூடியபின்னும் தொடர் ஓடுகிறதே என்று கேட்கலாம். ஓடுகிறது, ஆனால் இளைய தலைமுறை ஆங்கிலேயர் வாயில் குறைந்துதான் போயிருக்கிறது.

அகராதிகள் கொடுக்கும் தப்பான இணைகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ‘விழலுக்கு இறைத்த நீர்’ என்று போட்டிருப்பார்கள். அது வேறு. விழல் என்றால் ஒன்றுக்கும் உதவாத புல். தகுதியில்லாத இடத்தில் செலவழித்த உழைப்பு அது. நியூகாசில் தகுதியில்லாத ஊரா என்ன? ‘கடலில் கரைத்த பெருங்காயம்’ என்பதும் பொருந்தாது. அங்கே கொட்டினது போதாமல் காணாமல் போகிறது. கடலில் முன்னாடியே பெருங்காயம் கிடந்ததாக யாரும் சொல்லவில்லை. ‘கடலில் பெய்த மழை’ மட்டும் பக்கத்தில் வரும், தண்ணீர் இருக்கிற இடத்திலேயே தண்ணீர் விழுகிறது. ஆனால் மழையை யாரும் சுமந்துகொண்டு போவதில்லை. வேலை மெனக்கெட்டுச் செய்த முட்டாள்தனம் அதில் இல்லை. பணக்காரனுக்குக் கொடுத்த மானியம், நிறைந்த குளத்துக்கு வெட்டின கால்வாய் மாதிரி இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.


குறுக்குத்துறை:

எல்லாருக்கும் நன்றி. இப்படி மாற்றிப் பார்த்தேன், சரியா என்று சொல்லுங்கள்.

தலைப்பு: ‘இத்தாலிக்குப் பீட்சாவா? ஏழு வருஷத்தில் திருநெல்வேலிக்கே அல்வா கொடுத்த கதையாகக் கடையைக் கட்டியது டொமினோஸ்.’

கதை: ‘யூ ட்ரையிங் டு கான் எ கான் மேன்?’

பயிற்சிக் கட்டுரை: ‘இருபது ஆண்டு அனுபவமுள்ள செவிலியர்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தது விழலுக்கு இறைத்த நீர்தான்.’ (இதை கீழரதவீதி அண்ணாச்சியின் கடைசிப் பதிவுக்கு முன்னால் எழுதிவிட்டேன், மாற்ற வேண்டும் என்று தெரிகிறது. மீன்குஞ்சு கொஞ்சம் கேலியாக இருக்காதா என்பதுதான் தயக்கம்.)


பாளை டீச்சர்:

விழல் போட்டால்தான் கேலி. அந்த வாக்கியத்தில் செவிலியர்கள் விழலாகிவிடுகிறார்கள், எவ்வளவு சொன்னாலும் ஏறாதவர்கள் என்று ஆகிறது. கட்டுரையாளர் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். மீன்குஞ்சில் அவர்களுக்கு மரியாதைதான், குத்தல் முழுக்கப் பயிற்சி வைத்தவர்கள்மேல் விழுகிறது. ‘…செவிலியர்களுக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தார்கள். மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்குவானேன்?’ என்று இரண்டு வாக்கியமாக்குங்கள். பழமொழியை நீண்ட வாக்கியத்தின் வாலில் கட்டினால் இழுபடும். இந்தக் கட்டுரையில் கொல்லத் தெரு ஊசியைப் போட்டுவிடாதீர்கள்; ஏற்கெனவே ஒரு ஊசி இருக்கிறது.


கீழரதவீதி:

தலைப்பில் மூன்று மாற்றம். ‘இத்தாலிக்கு’ என்பதை ‘இத்தாலிக்கே’ ஆக்குங்கள். ஏகாரம் இல்லாவிட்டால் பார்சல் அனுப்புகிற விசாரணை மாதிரி இருக்கிறது. இரண்டாவது, அல்வாவை எடுத்துவிடுங்கள். ‘இத்தாலிக்கே பீட்சாவா?’ என்று கேட்டதிலேயே நம்ம சொலவடையின் அச்சு இருக்கிறது, தமிழ் வாசகருக்கு அல்வா தானாகக் கேட்கும். மூன்றாவது, ‘அல்வா கொடுத்த’ என்ற வினை டொமினோஸ் இத்தாலிக்காரர்களை ஏமாற்றிவிட்டது என்று சொல்கிறது. அந்த நிறுவனம் யாரையும் ஏய்க்கவில்லை, பீட்சா விற்கப் போய் ஓடவில்லை, அவ்வளவுதான். ‘இத்தாலிக்கே பீட்சாவா? ஏழு வருஷத்தில் கடையைக் கட்டியது டொமினோஸ்’ போதும்.

கதைக்கு ஆங்கிலம் சரி. “ஏல”வை மட்டும் விட்டுவிட்டீர்கள். அங்கே அது வெறும் விளி இல்லை, இளப்பம். வாக்கியத்தின் கடைசியில் ‘சன்’ என்று ஒரு சொல் போட்டால் பிரிட்டிஷ் பேச்சில் அந்த இளப்பம் கொஞ்சம் வரும். வயதில் மூத்தவன் சின்னப்பயலிடம் பேசுகிறான் என்றால் மட்டும். இரண்டு பேரும் ஒரே வயது என்றால் ‘மேட்’.